ஜன்னலில் வைத்த ரூட்டர்

என் கணவர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்ததும் அதைத் திருப்பிக் காலாவதித் தேதியைப் பார்க்கிற பழக்கம், வேலை செய்யும் இடத்தோடு நிற்காமல் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பால் பாக்கெட், பிஸ்கட், கோதுமை மாவு என்று எல்லாவற்றையும் திருப்பிப் பார்ப்பார். மனிதர்களையும் கொஞ்சம் அப்படித்தான். யாராவது வந்து நன்றாகச் சிரித்துப் பேசிவிட்டுப் போனால், கதவைச் சாத்திய பிறகு, "இவரு எதுக்கு வந்தாரு?" என்று கேட்பார்.

அவருக்குக் கல்வராயன் மலைக்கு மாற்றல் வந்தபோது நாங்கள் திருக்கோவிலூரில் இருந்தோம். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வீட்டிலிருந்தபடியே வேலை. பாடம் நடத்தும் வீடியோக்களில் கீழே ஓடுகிற தமிழ் எழுத்தைத் திருத்திக் கொடுப்பேன். ஆசிரியர் ஒளிச்சேர்க்கை என்று சொல்லியிருப்பார், கணினி ஒலிச்சேர்க்கை என்று எழுதியிருக்கும். இப்படி நாள் முழுதும். மின்சாரமும் இணையமும் இருந்தால் எங்கே உட்கார்ந்தும் செய்யலாம் என்பதால் நானும் அவரோடு மலைக்குப் போனேன்.

கச்சிராயபாளையம் தாண்டி வளைந்து வளைந்து ஏறுகிற பஸ்ஸில் போனோம். வாடகைக்குக் கிடைத்தது ஊரின் கடைசி வீடு. முன்பக்க ஜன்னலை ஒட்டி ஒரு ஒற்றையடிப் பாதை ஓடைக்கும் அதற்கு அப்பால் காட்டுக்கும் போனது. பெண்கள் காலையில் வெறுங்கையோடு போய் மதியம் தலையில் விறகோடு திரும்புவார்கள். போகிறபோது ஜன்னலில் நின்று என் கணவரிடம் மாத்திரை அட்டையைக் காட்டி, "சார், இது சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்பார்கள். அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொல்வார்.

மின்சாரம் அவ்வப்போது போய் வந்தது. இணையம் இல்லவே இல்லை. போனில் ஒரு கோடுகூடத் தெரியாது. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே சாலை திரும்புகிற வளைவில் மட்டும் சிக்னல் கிடைக்கும். எந்த நேரம் போனாலும் அங்கே இரண்டு மூன்று பேர் போனைக் காதில் வைத்தபடி நிற்பார்கள்.

ஆனால் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு முன்னால் ஒரு கம்பத்தில் வெள்ளைப் பெட்டி ஒன்று இருந்தது. பொது வைஃபை. யார் வேண்டுமானாலும் சேரலாம். சேர்ந்ததும் போனில் தானாக ஒரு பக்கம் திறக்கும். அதில் நம் கைபேசி எண்ணைப் போட்டால் ஓடிபி அனுப்புவார்கள். அந்த ஓடிபியைப் போட்ட பிறகுதான் இணையம் வரும்.

கோளாறு எங்கே என்றால், ஓடிபி குறுஞ்செய்தியாக வருகிறது. குறுஞ்செய்திக்குச் சிக்னல் வேண்டும். சிக்னல் வளைவில். வைஃபை கம்பத்தடியில். எண்ணைப் போட்டுவிட்டு வளைவுக்கு ஏறிப்போய் ஓடிபியைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தால், நேரம் முடிந்துவிட்டது என்று பக்கம் சொல்லும்.

ஊர்க்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். சிம் போட்ட பட்டன் போனோடு ஒருவர் வளைவில் நிற்பார். இன்னொருவர் கம்பத்தடியில் பெரிய போனோடு நிற்பார். மேலே ஓடிபி வந்ததும் அங்கிருந்து கத்துவார்கள். "நாலு, ஏழு, ஏழு, ஒன்னு" என்று மலைச்சரிவில் குரல் இறங்கி வரும். கீழே இருப்பவர் அதைத் திருப்பிக் கத்தி உறுதி செய்துகொள்வார்.

முதல்முறை அதைக் கேட்டபோது என் கணவர் நடு ரோட்டில் நின்றுவிட்டார்.

"ஓடிபிய யாருக்கும் சொல்லாதீங்கன்னு பேங்க்ல தலபாடா அடிச்சிக்கறான். இங்க மைக் வைக்காததுதான் பாக்கி" என்றார்.

"வைஃபைக்கான ஓடிபிதானங்க. இத வச்சி யாரு இன்னா பண்ணப் போறாங்க?"

"இன்னிக்கு வைஃபை. கத்திப் பழகிட்டா நாளைக்கு எதுன்னு பாத்துக்கினா இருப்பாங்க?"

அவருக்கு அந்தப் பக்கத்தின் மீதே நம்பிக்கை இல்லை. இலவசமாகக் கொடுப்பவர்களுக்கு நம் போன் நம்பர் எதற்கு என்றார். கீழே பொடி எழுத்தில் இருந்த நிபந்தனைகளைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். படித்து முடிப்பதற்குள் பக்கம் தானாக மூடிக்கொண்டது. அதையும் சந்தேகத்துக்கான காரணத்தோடு சேர்த்துக்கொண்டார்.

எனக்கு வேலை கெட்டுக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டார். என் சிம்மைப் பட்டன் போனில் போட்டுக்கொண்டு வளைவில் போய் நிற்பதாகவும், ஆனால் கத்தமாட்டேன் என்றும் சொன்னார். விரலால் காட்டுவதாக ஏற்பாடு. வளைவின் விளிம்பில் நின்று கையை உயர்த்தி நான்கு விரல், பிறகு இரண்டு கையிலுமாக ஏழு விரல் என்று காட்டுவார். கம்பத்தடியில் நின்று நான் எண்ணிப் போடுவேன். கொஞ்ச நேரம் வேலை நடக்கும். மதியம் நான் சாப்பிட வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள், போன் வைஃபையை விட்டு விலகிவிட்டது என்று சொல்லித் தொடர்பை அறுத்துவிடுவார்கள். சாயந்திரம் மறுபடி விரல்.

பக்கத்து வீட்டு அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்கு முந்தைய வீடு அவருடையது. மகன் கேரளத்தில் மிளகுத் தோட்டத்தில் வேலை செய்தான். அக்காவும் மருமகளும் இங்கே மரவள்ளிக் கிழங்கு போட்டிருந்தார்கள். மருமகள் புருஷனோடு முகம் பார்த்துப் பேச வேண்டும் என்றால் அக்கா வளைவில் ஏறி நின்று கத்துவார். அவர் குரல் கணீரென்று இருக்கும். அவர்கள் வீட்டு ஓடிபி எனக்கே பல நாள் தெரிந்திருந்தது.

வேலை இல்லாத ஒரு மாலையில் கம்பத்தடியில் நின்று தேடிப் படித்தபோதுதான் அந்த வழி கண்ணில் பட்டது. வெளியூர்களில் விடுதி, விமான நிலையம் என்று தங்குகிறவர்கள் சொந்தமாகச் சின்ன ரூட்டர் ஒன்றை எடுத்துப் போகிறார்களாம். அந்த ரூட்டர் அங்கே இருக்கும் வைஃபையை வாங்கி, நம் கருவிகளுக்குத் தன் வைஃபையாகத் திருப்பிக் கொடுக்கும். நுழைவுப் பக்கத்தில் அது ஒன்றுக்கு அனுமதி வாங்கினால் போதும். அது இடத்தை விட்டு நகராது, தூங்காது என்பதால் தொடர்பும் அறாது. என் கணவருக்கு இதில் வேறொன்று பிடித்துப்போனது. நம் கருவிகளுக்கும் ஊர் வைஃபைக்கும் நடுவே ஒரு கதவு.

கள்ளக்குறிச்சிக்குப் போனோம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் நான் கேட்டதும் கடைக்காரர் ஒரு ரூட்டரை எடுத்து வைத்துவிட்டு, "உங்களுது எந்த லைன் மேடம்?" என்றார்.

"லைன் இல்லீங்க. வைஃபையையே வாங்கி வைஃபையா குடுக்கற மாதிரி வேணும்."

அவர் கை ரூட்டர் மேலேயே நின்றது. "யாரோட வைஃபை?"

"பொது வைஃபைங்க. பஞ்சாயத்துல வச்சிருக்காங்க."

"பாஸ்வேர்டு இருக்குதா உங்ககிட்ட?"

"பாஸ்வேர்டு கெடையாது, ஓடிபிதான்."

என்னையும் பின்னால் நின்ற என் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார். சந்தேகப்படுகிற இடத்திலேயே இதுவரை இருந்த என் கணவர் சந்தேகப்படும்படி நிற்பது அன்றுதான் முதல் தடவை. "எங்களுது கெவர்மென்ட் வேலைங்க" என்று யாரும் கேட்காமலே சொன்னார். அது இன்னும் மோசமாகப் போயிற்று. கடைசியில் இரண்டு கொம்பு வைத்த கறுப்பு ரூட்டர் ஒன்று கிடைத்தது. மின்சாரம் போனாலும் ஓடுவதற்கு ஒரு பேட்டரியும் வாங்கிக்கொண்டோம்.

வீட்டில் எந்த மூலையில் வைத்தாலும் கம்பத்து வைஃபை எட்டவில்லை. முன்பக்க ஜன்னலில் வைத்தபோதுதான் கிடைத்தது. கம்பிக்கு உள்பக்கம், இரண்டு கொம்பையும் கம்பத்தைப் பார்க்கத் திருப்பி, பேட்டரியை ரப்பர் பேண்டால் அதோடு சேர்த்துக் கட்டி வைத்தேன். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, அக்கம்பக்கத்தில் தெரியும் வைஃபைகளின் வரிசையிலிருந்து ஊர் வைஃபையைத் தேர்ந்தெடுத்தேன். சேர்ந்தது. ஆனால் ஓடிபி கேட்கும் பக்கம் திறக்கவில்லை. அதற்குப் பதிலாகச் சிவப்பு எழுத்தில், இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல என்று வந்தது.

என் தோளுக்குப் பின்னால் நின்றவர், "பாத்தியா, அதுவே சொல்லுது" என்றார்.

எப்படி எப்படியோ முயன்றும் அந்தப் பக்கம் ரூட்டர் வழியாகத் திறக்க மறுத்தது. பிறகு வேறொரு வழி படித்தேன். வைஃபையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் அடையாளமாக ஓர் எண் இருக்கிறது. கம்பத்துப் பெட்டி ஆளைப் பார்ப்பதில்லை, அந்த எண்ணைத்தான் பார்க்கிறது. ஒருமுறை அனுமதித்த எண் சற்று நேரத்துக்குள் மறுபடி வந்தால் கேள்வி கேட்காமல் விட்டுவிடும். ஆகவே என் போனில் முதலில் நுழைந்துவிட்டு, போனின் அடையாள எண்ணை ரூட்டருக்குப் போட்டு, போனில் வைஃபையை அணைத்துவிட வேண்டும். ரூட்டரைப் பார்த்துக் கம்பம் அதைப் போன் என்று நினைத்துக்கொள்ளும்.

அவரிடம் சொன்னேன்.

"அப்போ ஆள் மாறாட்டம்."

"போனும் நம்மளுது, பொட்டியும் நம்மளுது. யார ஏமாத்தறோம்?"

"கம்பத்த."

அன்றும் அது வேலை செய்யவில்லை. போனின் அமைப்புகளுக்குள் இருந்த எண்ணைச் சரியாகத்தான் போட்டிருந்தேன். அடுத்த நாள்தான் தெரிந்தது, இப்போதைய போன்கள் வைஃபைக்குத் தங்கள் உண்மையான எண்ணைக் காட்டுவதில்லை. பின்தொடர்ந்து வந்துவிடுவார்கள் என்ற பயத்தில் இடத்துக்கு ஒரு பொய் எண்ணைக் காட்டுகின்றன. அந்தப் பழக்கத்தை நிறுத்திவிட்டு, என் கணவரைக் கடைசியாக ஒருமுறை வளைவுக்கு அனுப்பி, விரல்களை எண்ணிப் போட்டேன். இணையம் வந்தது. அன்று மதியம் வீட்டுக்குள் உட்கார்ந்து வேலை பார்த்தேன். மகள் முகம் பார்த்துப் பேசினாள். அவர்கூட ஜன்னலருகே போய் அந்தப் பச்சை விளக்கைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகுதான் பாதை அமைதியானது.

முதலில் எனக்கு உறைக்கவில்லை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு வேலை செய்கிறவளுக்கு வெளிச் சத்தம் எங்கே தெரியப் போகிறது. அவர்தான் சொன்னார், "வெறவுக்குப் போறவங்க யாரயும் காணோமே." கவனித்துப் பார்த்தோம். பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போனார்கள். அது தூரமும் அதிகம், ஏற்றமும் அதிகம். மாத்திரை கேட்டு ஜன்னலில் யாரும் நிற்பதில்லை. டீக்கடையில் அவர் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்று, கொஞ்சம் கழித்து வேறு ஒன்றிலிருந்து தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கீழே போக பஸ்ஸுக்கு நின்றபோது, எப்போதும் எங்களோடு பேசிக்கொண்டு வருகிற பெண்மணி டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"கண்டுபுடிச்சிட்டாங்க" என்றார் அவர்.

"எத?"

"ஒரு நம்பர்ல உள்ள போயி ரெண்டு பேரு ஓட்டிக்கினு இருக்கறத. ஊர் வைஃபை கம்மியாயிருக்கும். நம்மளாலதான்னு தெரிஞ்சிருக்கும்."

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. நிபந்தனைகளில் ரூட்டர் மாட்டக் கூடாது என்று எங்கும் இல்லை. மாட்டலாம் என்றும் இல்லை. போதாக்குறைக்கு அந்த நாட்களில் தினமும் மதியத்துக்கு மேல் தொடர்பு அறுந்தது. மின்சாரம் இருக்கும், ரூட்டர் ஓடும், கம்பத்து வைஃபை மட்டும் காணாமல் போய்க் கொஞ்ச நேரத்தில் திரும்பி வரும். யாரோ நம்மை வெளியே தள்ளிப் பார்க்கிறார்கள் என்று அவர் உறுதியாக நம்பினார்.

ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற பம்ப் ஆபரேட்டர்தான் அந்த வைஃபைப் பெட்டியையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சாயந்திரம் மின்சாரம் இல்லாத நேரம் அவர் பாதையில் வந்து ஜன்னலுக்கு எதிரே நின்றார். உள்ளே வரவில்லை. ரூட்டரையே பார்த்தார்.

"கரண்டு இல்லியே, லைட்டு எரியுது?" என்றார்.

"பேட்டரி இருக்குதுண்ணா."

"எந்நேரமும் எரியுமா?"

"எரியும்."

"ஓ" என்றார். பேட்டரியின் ரப்பர் பேண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார்.

அன்று இரவுச் சாப்பாடு வரை நாங்கள் அதைப் பற்றித்தான் பேசினோம். ஏன் உள்ளே வரவில்லை, ஏன் நேராகக் கேட்கவில்லை, எந்நேரமும் எரியுமா என்று ஏன் கேட்டார். என் கணவர் ஒரு காரணம் சொல்வார், நான் இன்னொன்று சொல்வேன். இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று கிளம்பும். ஒரு ஊரே சேர்ந்து நம்மைப் பார்க்கிறது என்ற நினைப்பு வந்துவிட்டால் பிறகு நாய் குரைத்தாலும் அதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது.

கடைசியில் வந்து கேட்டது பக்கத்து வீட்டு அக்காதான். ஒரு முற்பகல், கையில் இரண்டு மரவள்ளிக் கிழங்கோடு வந்தார். வாசலில் நின்றவாறே அவற்றை நீட்டினார். முன்பெல்லாம் நேராக அடுப்படிக்கு வந்துவிடுகிறவர்.

"ஒன்னு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே" என்றார்.

"கேளுங்கக்கா."

"அந்தப் பொட்டி எங்களப் படம் புடிக்குதாமே, நெசமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"படமா? அது வைஃபைக்கா. கம்பத்துல இருக்குதே, அந்த மாதிரி."

"கம்பத்துல இருக்கறது வெள்ளையா இருக்குது. மேல பாத்துக்கினு இருக்குது. இது கறுப்பா, கொம்பு வச்சிக்கினு, ரோட்டப் பாத்துக்கினு இல்ல இருக்குது?"

"யாருக்கா சொன்னாங்க படம் புடிக்குதுன்னு?"

"யாரா இருந்தா இன்னா. ஊரே சொல்லுது. கீழ ஃபாரஸ்ட் செக்போஸ்ட்டுல கேமரா வச்சாங்க. அதுவும் இத்தினிதான் இருந்தது. வெறவு எடுத்தாற பொம்பளைங்க தலையில சுமையோட இப்படித்தான் வரணும். படம் புடிச்சி அனுப்பிட்டா கேஸுக்கு யாரு அலையறது?" கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார், "சாரு வேற வளைவுல நின்னுக்கினு வெரலு வெரலா காட்டிக்கினு இருந்தாரு. எத்தினி பேரு போறாங்கன்னு உங்களுக்கு எண்ணிக் காட்டறாருன்னு சொல்றாங்க."

நான் அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்து, ரூட்டரைக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். சூடாக இருக்கிறதே என்றார். எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்று முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

மாலையில் என் கணவர் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். எங்களுக்குத் தோன்றிய அத்தனை காரணங்களிலும் இது இல்லை. அவர் முகம் சிறுத்துப்போயிற்று. நாம் மற்றவர்களைச் சந்தேகப்படுவது வேறு, ஊர் ஜனங்களை எண்ணிக் காட்டிக்கொடுக்கிறவன் என்று பெயர் வாங்குவது வேறு. எழுந்து போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். ஜன்னலிலிருந்து ரூட்டரைக் கழற்றி ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு டீக்கடைக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

கடை பெஞ்சில் ரூட்டரைக் கவிழ்த்து வைத்து, எல்லோரும் பார்க்க மூடியைக் கழற்றினார். சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. உள்ளே பச்சைப் பலகையும், அதன்மேல் அரிசி அரிசியாகச் சில பொருள்களும், கொம்புகளுக்குப் போகும் இரண்டு மெல்லிய கம்பிகளும் இருந்தன.

"பாருங்க. கேமரான்னா கண்ணாடி இருக்கணும். இதுல எங்கனா இருக்குதா?" என்றார்.

நாலைந்து பேர் குனிந்து பார்த்தார்கள். பம்ப் ஆபரேட்டரும் அங்கே இருந்தார், ஆனால் கிட்டே வரவில்லை. வயலிலிருந்து வந்திருந்த ஒருவர் மட்டும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"இப்ப இல்ல சார். கழட்டி வூட்ல வச்சிட்டு வந்திருந்தா எங்களுக்கு எப்படித் தெரியும்?"

யாரும் சிரிக்கவில்லை. என் கணவர் மூடியைத் திரும்பப் பொருத்தித் திருகினார். வீட்டுக்கு வரும் வழியில் சொன்னார், "அந்த ஆளு கேட்டது கரெக்ட்டுதான். நானா இருந்தாலும் அதத்தான் கேட்டிருப்பேன்."

ரூட்டரைப் பின்பக்க அறைக்கு மாற்றினேன். பாதையில் ஆள் நடமாட்டம் மெல்லத் திரும்பியது, ஆனால் இணையம் போய்விட்டது. கம்பத்தடியில் மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். மழைக்காலம் தொடங்கியிருந்தது. நனைந்துகொண்டு நான் வீட்டுக்கு ஓடுவதைப் பார்த்த அக்கா அவருடைய வாசலில் நிறுத்தினார்.

"அந்தப் பொட்டிய எங்க வூட்டு எறவாணத்துல வையுங்க. இங்கிருந்து கம்பம் கிட்டதானே. உங்க வூட்டுக்கும் எட்டாதா?"

எட்டும். எங்கள் வீட்டு ஜன்னலைவிட அந்தக் கூரை விளிம்பு நல்ல இடம். அதற்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்று, மருமகள் போனும் அதில் சேர வேண்டும். வளைவில் ஏறிக் கத்தித் தொண்டை போகிறது என்றார்.

என் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம நம்பர்ல உள்ள போறோம். அவங்க வூட்டுக்கு வர்றவங்க போறவங்கல்லாம் எதையாவது பாத்து, நாளைக்கு ஒன்னுன்னா நம்மளத்தான் கேப்பாங்க" என்றார். தவறாகச் சொல்லவில்லை. நான் அதை அப்படியே அக்காவிடம் போய்ச் சொன்னேன். சுற்றி வளைத்துச் சொன்னால் இன்னொரு சந்தேகம் முளைக்கும் என்று தோன்றியது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"அப்ப எங்க நம்பர்ல போடுங்க" என்றார். சொன்ன பிறகு அவருக்கே யோசனை வந்தது. "எங்க நம்பர வச்சிக்கினு நீங்க இன்னா பாப்பீங்கன்னு எங்களுக்கும் தெரியாதில்ல."

"தெரியாதுதான்கா."

"மருமவகிட்ட கேட்டுச் சொல்றேன்."

ஒரு நாள் முழுக்க அவர்கள் வீட்டில் அந்தப் பேச்சு ஓடியதாம். மகனிடமும் கேட்டிருக்கிறார்கள். மறுநாள் சரி என்றார்கள். மருமகளின் போனிலிருந்த அடையாள எண்ணை ரூட்டருக்குப் போட்டேன். அக்கா வளைவில் ஏறி நின்று ஓடிபியைக் கத்தினார். என் கணவர் கீழே நின்று, கேட்காதவர்போல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இறவாணத்து மூங்கிலில் ரூட்டரைக் கட்டி, மழை படாமல் ஒரு எண்ணெய் டின்னை வெட்டிக் கவிழ்த்தோம். அப்படிப் பார்த்தால் முன்னைவிட இன்னும் விநோதமாகத்தான் இருந்தது. அதுவும் பாதையைப் பார்த்துத்தான் இருந்தது.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. விறகோடு வருகிற பெண்கள் அதன் அடியிலேயே சுமையை இறக்கி வைத்து அக்காவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். அவர்களில் ஒருத்தி கேட்டதற்கு அக்கா, "கேமராவா இருந்தா மொதல்ல நான்தானே மாட்டுவேன்" என்றது எங்கள் வீடு வரை கேட்டது. நாங்கள் டீக்கடையில் மூடியைக் கழற்றிக் காட்டியும் நடக்காதது, அது அவர்கள் வீட்டில் இருந்ததாலேயே நடந்துவிட்டது. மாத்திரை அட்டைகளும் ஜன்னலுக்குத் திரும்பி வந்தன.

மதிய நேரத்தில் தொடர்பு அறுவதும் நின்றது. அதன் காரணத்தைப் பம்ப் ஆபரேட்டர் அவராகவே சொன்னார். என் கணவரிடம் பிரஷர் மாத்திரை வாங்க வந்தவர், மாத்திரையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகு, "சார், கம்பத்துப் பொட்டிய நான்தான் டெய்லி ஆஃப் பண்ணிப் பாத்தேன்" என்றார்.

"எதுக்குங்க?"

"அத நிறுத்துனா உங்க பொட்டியில லைட்டு நிக்குதான்னு பாக்கத்தான். வைஃபைன்னா நின்னுடணும், கேமரான்னா எரியும்னு நெனச்சேன்."

"நின்னுதா?"

"எங்க நின்னுது? எரிஞ்சிக்கினே இருந்தது. அதான் எனக்குச் சந்தேகம் ஜாஸ்தியாயிடுச்சி."

கம்பத்தை அணைத்தாலும் ரூட்டரில் விளக்கு எரியத்தான் செய்யும். அவர் யோசித்த முறையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. என் கணவர் அன்று வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது அவர் குரலில் அந்த மனிதர்மேல் ஒரு மரியாதை இருந்தது. அதன் பிறகு இருவரும் டீக்கடையில் சேர்ந்து உட்கார ஆரம்பித்தார்கள். எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில், இதில் ஏதோ இருக்கிறது என்ற முடிவுக்குத்தான் வருவார்கள்.

என் கணவருக்கு மலைக்குக் கீழே மாற்றல் வந்து நாங்கள் வீட்டைக் காலி செய்த அன்று, அக்காதான் கூடமாட நின்று சாமான் கட்டினார். ரூட்டரை எடுத்துக்கொள்ளவில்லை. நம்பர் அவர்களுடையது, இருக்கும் இடம் அவர்களுடையது, எடுத்து என்ன செய்வது. பாத்திரச் சாக்கை நான் பிடிக்க, அவர் சணலைச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

"இப்பவாவது சொல்லுங்கக்கா. மொதல்ல கேமரான்னு சொன்னது யாரு? பம்ப் ஆபரேட்டருதானே?"

அவர் முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினார். பிறகு சாக்கைத் தட்டிப் பார்த்தார்.

"நான்தாம்மா" என்றார்.

"நீங்களா?"

"வெறவு எடுத்துக்கினு வந்தேன். ஜன்னல்ல கண்ணு மாதிரி பச்சையா எரிஞ்சிது. பின்னாடி வந்தவகிட்ட, 'இது இன்னாடி, கேமராவா'ன்னு கேட்டேன். கேட்டதுதான். மறுநாளு அவ என்கிட்டயே வந்து, 'அந்த வூட்ல கேமரா வச்சிருக்காங்களாமே'ன்னு சொல்றா. நான் கேட்டதுதான் திரும்பி வருதா, நெசமாவே யாரோ பாத்துட்டுச் சொல்றாங்களான்னு எனக்கே தெரியல. அதான் கெழங்க எடுத்துக்கினு உங்களாண்ட வந்தேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வாரங்களில் நானும் என் கணவரும் வீட்டுக்குள் உட்கார்ந்து ஒருவர் சொன்னதை ஒருவர் வளர்த்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. அக்கா அடுத்த சாக்கை எடுத்தார். நான் அதன் வாயைப் பிடித்துக்கொண்டேன்.

பஸ் மலையிறங்கும்போது இதை என் கணவரிடம் சொன்னேன். ஜன்னல் வழியாகக் கீழே தெரிந்த கோமுகி அணைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். கச்சிராயபாளையத்தில் பஸ் நின்று, சாமான்களை எண்ணி இறக்கும்போது என் பக்கம் திரும்பினார்.

"இதயும் எதுக்காக இப்ப சொன்னாங்களாம்?" என்றார்.